கேமராவை மாற்றுவதற்கு முன் இரண்டு ஆட்களைச் சேருங்கள்

டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் குறும்படம் எடுக்கும் நண்பர்களுக்கு,



உங்கள் படங்கள் திரையிடப்படும் இடங்களில், படம் முடிந்ததும் எழும் பேச்சில் இரண்டு குறைகள் தவறாமல் வருகின்றன. வசனம் புரியவில்லை என்பது ஒன்று. முக்கியமான குளோசப்பில் முகம் ஃபோகஸில் இல்லை என்பது இன்னொன்று. இரண்டுக்கும் உங்கள் தரப்பில் ஒரே பதில்தான்: பட்ஜெட் இல்லை, நல்ல கேமரா கிடைக்கவில்லை. அடுத்த படத்துக்கு ஃபுல் ஃப்ரேம் பாடி ஒன்றை வாடகைக்கு எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறீர்கள். அந்த நம்பிக்கையோடு வாதாடத்தான் இந்த மடல். கேமராவின் தகுதிக்குறைவால் சத்தமும் ஃபோகஸும் கெடுவது அபூர்வம். அந்த இரண்டு வேலைகளுக்கும் உங்கள் யூனிட்டில் ஆளே இல்லாததால்தான் கெடுகின்றன. உங்கள் டைட்டில் கார்டையே ஓடவிட்டுப் பாருங்கள். கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் ஒருவர், ஒளிப்பதிவு ஒருவர், எடிட்டிங் பெரும்பாலும் அவரே, பிறகு இசை, போஸ்டர் டிசைன், நீளமான ஒரு நன்றிப் பட்டியல். ஷூட்டிங் நடக்கும்போது ஹெட்போன் மாட்டிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டவர் யார், லென்ஸ் வளையத்தில் கைவைத்து ஃபோகஸை மட்டும் பார்த்தவர் யார் என்று தேடினால் பெயர் கிடைக்காது. போஸ்டருக்கு ஆள் இருந்திருக்கிறது.

இப்படி ஆனதற்குக் கருவியின் வரலாறும் ஒரு காரணம். வீடியோ எடுக்கும் முதல் டி.எஸ்.எல்.ஆராக நிக்கான் டி90 வந்தது 2008-இல். அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட கேனான் 5டி மார்க் 2, முழு ஹெச்.டி. தரத்தில் படம் பிடித்தது. இரண்டுமே தோளில் மாட்டிக்கொண்டு தனியாளாகத் திரியும் ஸ்டில் போட்டோகிராபருக்காகச் செய்யப்பட்டவை. வீடியோ அவற்றில் ஒட்டவைத்த வசதி. 5டி மார்க் 2 வந்தபோது நொடிக்கு 30 ஃப்ரேம் மட்டுமே எடுத்தது. சினிமாவுக்கான 24-ம் நமக்கு ஏற்ற 25-ம் 2010 மார்ச்சில் வந்த ஃபர்ம்வேர் அப்டேட்டில்தான் கிடைத்தன. ஒலி அளவைக் கையால் வைத்துக்கொள்ளும் வசதியும் அதே அப்டேட்டில்தான் வந்தது. கேனான் 7டி வைத்திருந்தவர்கள் அதற்காக 2012 வரை காத்திருந்தார்கள். ஹெட்போன் சொருகும் துளையே 5டி மார்க் 2-இல் கிடையாது. மார்க் 3-இல்தான் வந்தது. கேமராவைச் செய்தவர்களே ஒலியைக் கடைசியில்தான் நினைத்திருக்கிறார்கள். தமிழில் குறும்படம் சினிமாவுக்கான வாசலாக மாறியதும் இதே ஆண்டுகளில்தான். கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' 2009-இல் தொடங்கியது. அதில் படம் எடுத்த கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்கள் சில ஆண்டுகளிலேயே பெரிய திரைக்குப் போனார்கள். கேமரா எல்லார் கைக்கும் எட்டியது. சினிமா யூனிட்டின் வேலைப் பிரிவினை மட்டும் கூடவே வரவில்லை. 2012-இல் வெளியான 'வழக்கு எண் 18/9' 7டி-யில் எடுக்கப்பட்டதைச் சிலர் அடிக்கடி எடுத்துக்காட்டுவதுண்டு. எடுத்துக்காட்டட்டும். விஜய் மில்டன் போன்ற ஒளிப்பதிவாளரும் ஒரு முழு யூனிட்டும் பின்னால் நின்றபோது அந்தக் கேமரா எவ்வளவு தூரம் போனது என்பதைத்தான் அந்தப் படம் காட்டுகிறது.

முதலில் சத்தத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் இழப்பு அதில்தான் பெரிது. தடையில்லாத வெளியில், மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபெல் குறைகிறது. 20 சென்டிமீட்டரில் இருந்த மைக்கை 160 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோனால் தூரம் மூன்று முறை இரட்டிக்கிறது. 18 டெசிபெல் போய்விடுகிறது. ஒலியழுத்தத்தில் சொன்னால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. அறைக்குள் இன்னொரு சங்கடமும் உண்டு. சுவரிலும் டைல்ஸ் தரையிலும் மோதித் திரும்பும் எதிரொலி, அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். மைக் தள்ளிப்போவதால் அது குறைவதில்லை. ஆகவே கேமராவின் தலையில் மாட்டப்பட்டு இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் மைக், குரலைவிட அறையைத்தான் அதிகம் வாங்குகிறது. கெயினை ஏற்றினால் குரலோடு அறையும் ஏறும். விலை உயர்ந்த மைக் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. கேமரா மேல் உட்கார்ந்திருக்கும் உயர்ரக ஷாட்கன் மைக்கைவிட, ஃப்ரேமுக்கு வெளியே நடிகரின் தலைக்கு மேல் ஒரு முழத்தில் பிடித்த சாதாரண மைக் தெளிவாக எடுக்கும். பூம் கம்பி வாங்க வசதியில்லை என்றால் மூங்கில் கழியில் கட்டுங்கள். ஆனால் அதைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கக் கூடாது.

தூரத்துக்கு அடுத்த எதிரி கேமராவின் ஆட்டோ. ஒலி அளவை ஆட்டோவில் விட்டால், சத்தம் குறையும்போதெல்லாம் கேமரா தானாகவே கெயினை ஏற்றும். சத்தம் வந்ததும் இறக்கும். ஒரு காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். "நீ வருவியா, மாட்டியா?" என்று அவன் கேட்கிறான். அவள் மூன்று நொடி பேசாமல் இருக்கிறாள். காட்சியின் உயிரே அந்த மூன்று நொடிதான். கேமராவுக்கோ அது சத்தம் போதாத நேரம், அவ்வளவே. கெயின் மெல்ல ஏறுகிறது. கேமராவின் ஒலிச் சுற்றில் எப்போதும் இருக்கும் 'உஸ்' என்ற இரைச்சல், அடுத்த வீட்டு மிக்ஸி, தெருமுனையில் திரும்பும் ஆட்டோ எல்லாம் அலை ஏறுவதுபோல் மேலே வருகின்றன. அவள் "மாட்டேன்" என்று வாய் திறந்ததும் முதல் அசை உடைந்து, பின்னணி சட்டென்று அடங்குகிறது. பின்னணியின் அளவு நொடிக்கு நொடி மாறிவிட்டதால் எடிட்டிங்கில் இதைச் சரிசெய்வது பெரும்பாடு. மேனுவலில் வைத்து, இருப்பதிலேயே சத்தமாகப் பேசும் வரி மைனஸ் 12 டெசிபெல்லைத் தொடும்படி முன்பே ஒத்திகையில் அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நடிகர் ஒத்திகையில் பேசியதைவிட டேக்கில் உரக்கப் பேசுவார் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேமராவுக்குள் இருக்கும் ஒலிச் சுற்று சுமாரானது என்பதால் தனி ரெக்கார்டரில் எடுப்பதே நல்லது. ஜூம், டாஸ்காம் போன்றவற்றின் சின்ன ரெக்கார்டர்கள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் சொந்த மைக்கையும் அணைக்காதீர்கள்; அது தரும் மட்டமான ட்ராக்கை ஒப்பிட்டுத்தான் எடிட்டிங் மென்பொருள் இரண்டையும் சேர்த்துவைக்கும். அது தவறினால் கிளாப் அடித்த இடம் கைகொடுக்கும். இரண்டு கருவிகளின் கடிகாரமும் துல்லியமாக ஒன்றாக ஓடாது என்பதால், நீளமான டேக்கில் உதடும் குரலும் மெல்ல விலகலாம்; பேட்டி எடுப்பவர்கள் இடையிடையே வெட்டி எடுப்பது உத்தமம். ரெக்கார்டருக்கும் வழியில்லையா? நடிகரின் சட்டைப் பையில் ஒரு செல்போன், அதில் ஒரு காலர் மைக், ஃப்ளைட் மோட். கேமராவின் தலையில் இருக்கும் எந்த மைக்கையும் இது பெரும்பாலும் வென்றுவிடும்.

இவ்வளவும் கருவி பற்றிய பேச்சு. கருவியால் செய்ய முடியாத ஒன்று உண்டு. காலர் மைக்கைப் புடவைத் தலைப்புக்குள் ஒளித்துவைத்திருக்கிறீர்கள். நடிகை திரும்பும்போது தாலிச் சங்கிலியின் டாலர் மைக்கில் 'டிக்' என்று தட்டுகிறது. கஞ்சி போட்ட பருத்திப் புடவை ஒவ்வொரு மூச்சுக்கும் உரசுகிறது. அளவு காட்டும் முள்ளில் இது தெரியாது. முள் சரியாகத்தான் ஆடிக்கொண்டிருக்கும். இரண்டடி தள்ளி நிற்கும் இயக்குநரின் காதுக்கும் எட்டாது. காதை மூடிய ஹெட்போனில் கேட்பவருக்கு மட்டுமே கேட்கும். அவர் அப்போதே சொன்னால் டேப் ஒட்டி அரை நிமிடத்தில் சரிசெய்யலாம். ஒரு வாரம் கழித்து எடிட்டிங் டேபிளில் தெரிந்தால் அந்த டேக் போனது போனதுதான். ஃபேனை நிறுத்தச் சொல்வது, ஃப்ரிட்ஜை அணைக்கச் சொல்வது, அதை மறுபடி போட நினைவூட்டுவது, மாடியில் மோட்டார் ஓடி முடியும்வரை டேக்கை நிறுத்திவைப்பது, கிளம்பும் முன் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவுசெய்வது எல்லாம் அவர் வேலை. லொகேஷன் பார்க்கப் போகும்போதே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் பக்கத்து வீட்டைக் காதல் காட்சிக்குத் தேர்ந்தெடுப்பதை அவர் தடுப்பார்.

இங்கே ஒரு மறுப்பு வரும், வரவேண்டியதுதான். தமிழ் சினிமா காலங்காலமாக டப்பிங்கில் ஓடிய சினிமா. லொகேஷனில் பைலட் ட்ராக் எடுத்துக்கொண்டு குரலைப் பிறகு பார்த்துக்கொள்வது நம் வழக்கம். குறும்படத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி? அந்த வழக்கம் ஏன் வந்தது என்று பாருங்கள். ஆரி 2சி போன்ற ஃபிலிம் கேமராக்கள் ஓடும்போது எழுப்பிய சத்தத்தில் வசனத்தைச் சுத்தமாக எடுக்க வழியில்லை. அது ஒரு முக்கியக் காரணம். உங்கள் டி.எஸ்.எல்.ஆர். வீடியோ எடுக்கும்போது சத்தமே போடுவதில்லை. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது. 2004-இல் வந்த 'விருமாண்டி' லைவ் சவுண்டில் எடுக்கப்பட்டது. தெற்கத்திப் பேச்சும் ஊர்க்கூட்டமும் நிறைந்த ஒரு படத்தில் அது முடிந்திருக்கிறது. டப்பிங்கை நான் குறை சொல்லவில்லை. அது தனிக்கலை, ஸ்டுடியோவும் பயிற்சி பெற்ற குரலும் ஒலிக் கலவை செய்யும் கையும் இருந்தால் பிரமாதமாக வரும். உங்களிடம் இருப்பவர்கள் முதல்முறை நடிக்கும் நண்பர்களும் பக்கத்துத் தெருத் தாத்தாவும். அந்தத் தாத்தாவை ஒரு சின்ன அறையில் நிறுத்தி, திரையில் தன் உதட்டைப் பார்த்து அதே பெருமூச்சை மறுபடி விடச் சொன்னால் அது வராது. குரலைப் புதிதாகப் போட்டால் காலடி, பாத்திரம், கதவு, தெரு எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும் என்பதும் இருக்கிறது. அதை விட்டுவிடுவதால்தான் உங்கள் டப்பிங் படங்களில் மனிதர்கள் வெற்றிடத்தில் நின்று பேசுகிறார்கள். அப்படியே டப்பிங்தான் என்று முடிவு செய்தாலும், பைலட் ட்ராக் புரியாவிட்டால் டப்பிங் பேசுபவர் எதைப் பின்பற்றுவார்?

மென்பொருள் இருக்கிறதே என்று இன்னொரு குரல் எழும். இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் நிஜமாகவே நன்றாகிவிட்டன. ஏ.சி., ஃபேன் போல ஒரே சீராக ஓடும் சத்தத்தை அவை நன்றாகவே எடுத்துவிடும். ஆனால் குரலின் மேலேயே விழுந்த ஹாரனையும் அறை எதிரொலியில் ஊறிப்போன வசனத்தையும் கடுமையாகச் சுத்தம் செய்தால் குரலின் சதையும் சேர்ந்து போகும். அளவு மீறி உச்சியில் வெட்டுப்பட்ட குரலில், வெட்டுப்பட்ட பகுதியை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது, அவ்வளவுதான். நடிகரின் தொண்டைக் கரகரப்பு எது, இரைச்சல் எது என்று அதற்கு எப்போதும் தெரிவதில்லை.

இனி படம். கூர்மை என்றதும் உங்கள் பேச்சு லென்ஸுக்குப் போகிறது. கணக்கு வேறு பக்கம் போகிறது. 7டி போன்ற ஏ.பி.எஸ்.-சி சென்சார் கேமராவில், நீங்கள் எல்லாரும் வைத்திருக்கும் 50 எம்.எம். லென்ஸை எஃப் 1.8-இல் திறந்து, 1.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமே சுமார் 6 சென்டிமீட்டர். அவர் ஒரு பெருமூச்சு விட்டு முதுகைச் சாய்த்தால் கண் அந்தப் பட்டையை விட்டு வெளியே போய்விடும். எஃப் 4-க்கு மூடினால் ஆழம் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் ஆகிறது. ஒரு சராசரி மனிதர் உட்கார்ந்தபடி பேசுவதற்கு அது தாங்கும். பின்னணி அப்போதும் மங்கலாகத்தான் இருக்கும். அந்த மங்கலுக்காகத்தான் டி.எஸ்.எல்.ஆரை விரும்பினோம் என்பீர்கள். விரும்புங்கள். ஆனால் முகத்தையும் சேர்த்து மங்கலாக்கும் அழகு யாருக்கும் வேண்டாம். எஃப் 1.8-இலிருந்து எஃப் 4-க்கு வர ஏறக்குறைய ஐந்து மடங்கு வெளிச்சம் வேண்டும் என்பதுதான் இதில் உள்ள நிஜமான செலவு. லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தை விளக்குக்குக் கொடுங்கள், அல்லது காட்சியை ஜன்னலோரத்துக்கு நகர்த்துங்கள்.

ஷூட்டிங்கில் பார்த்தபோது ஷார்ப்பாகத்தானே இருந்தது என்று கேட்பீர்கள். இருந்திருக்காது. 5டி மார்க் 2-இன் பின்பக்கத் திரையில் 9,20,000 புள்ளிகள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு பிக்சல் என்பதால் கிடைப்பது மூன்று லட்சத்துச் சொச்சம் பிக்சல். பதிவாகும் முழு ஹெச்.டி. ஃப்ரேமிலோ 20 லட்சத்துக்கு மேல். ஏழில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு முழுசுக்கும் ஓகே சொல்கிறோம். அதிலும் வெயிலில், கையால் மறைத்துக்கொண்டு. டேக் போகும் முன் 5 மடங்கு, 10 மடங்கு பெரிதாக்கிக் கண்ணிமையைப் பார்த்து ஃபோகஸ் வைக்க வேண்டும். நடிகர் நடந்து வருவதானால் அவர் நிற்கும் இடங்களைத் தரையில் டேப்பால் குறித்து, டேப் வைத்து அளந்து, லென்ஸ் வளையத்திலும் குறி போட்டுக்கொள்ள வேண்டும். சினிமாவில் இதற்கென்று ஃபோகஸ் புல்லர் இருப்பது ஆடம்பரத்துக்காக அல்ல. கம்போசிஷனைப் பார்க்கும் கண்ணால் அதே நேரத்தில் கண்ணிமையைப் பார்க்க முடியாது.

மற்றவை சுருக்கமாக. கேமராவை என்.டி.எஸ்.சி.யிலிருந்து பால் அமைப்புக்கு மாற்றி, 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று நிறுத்துங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; பழைய டியூப் லைட்டும் மட்டமான எல்.இ.டி.யும் நொடிக்கு 100 முறை மினுங்கும். 1/60-இல் எடுத்தால் அந்த மினுங்கல் படத்தில் ஏறும். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/50 என்றால் எஃப் 22 வரை மூட வேண்டிவரும். அவ்வளவு மூடினால் ஒளியின் விலகலால் படமே மழுங்கும். ஷட்டரை ஏற்றித் தப்பித்தால் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். அங்கே எஃப் 4-க்கு வர ஐந்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர் தேவை. பிக்சர் ஸ்டைலில் ஷார்ப்னஸை ஏற்றுவது கூர்மை ஆகாது. விளிம்புகளில் கோடு போடுவது அது. இந்தப் பழைய சென்சார்கள் வீடியோவுக்காகச் சில வரிகளைத் தாண்டித் தாண்டிப் படிப்பதால், பொடிக்கட்டம் போட்ட சட்டையிலும் ஜன்னல் வலையிலும் வானவில் நெளிவு வரும். சட்டையை மாற்றச் சொல்லுங்கள். அதைவிட மலிவான தீர்வு கிடையாது.

டி.எஸ்.எல்.ஆர். காலமே முடிந்துவிட்டது, இன்றைய மிரர்லெஸ் கேமரா கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது, 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டரில் அளவே வைக்க வேண்டாம், இந்தப் பழங்கதை எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 32 பிட் ஃப்ளோட், அளவு மீறி உடையும் ஆபத்தை ஏறக்குறைய ஒழித்துவிடுகிறது. மைக் இரண்டு மீட்டர் தள்ளி இருப்பதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. டாலர் தட்டுவதையும் அது மிகத் துல்லியமாகவே பதிவு செய்யும். ஆட்டோஃபோகஸ் கண்ணைப் பிடிக்கும், உண்மைதான். ஃப்ரேமில் இரண்டு பேர் இருக்கும்போது, பேசுபவரை விட்டுக் கேட்பவரின் முகத்துக்குப் போக வேண்டிய தருணம் எது என்பது திரைக்கதை படித்தவருக்குத்தான் தெரியும். பழைய கேமராவில் ஆள் இல்லாவிட்டால் ஷாட் கெடும். புதிய கேமராவில் ஆள் இல்லாவிட்டால் ஷார்ப்பான, தவறான ஷாட் கிடைக்கும்.

கடைசி மறுப்பு ஆள் பற்றாக்குறை. உங்கள் ஸ்பாட்டுக்கு வந்து பார்த்தால் வேலையில்லாமல் போனைத் தடவிக்கொண்டு நிற்கும் நண்பர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களில் காது கூர்மையானவர் ஒருவர், கை நடுங்காதவர் ஒருவர் போதும். படப்பிடிப்புக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் கருவியைக் கொடுத்துப் பழக விடுங்கள். அதைவிட முக்கியம் அதிகாரம். இயக்குநர் ஓகே சொன்ன டேக்கையும் "சத்தம் சரியில்லை, ஒன் மோர்" என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு வேண்டும், அதைச் சொன்னதற்காக யாரும் முகம் சுளிக்கக் கூடாது. அந்த உரிமை இல்லாமல் ஹெட்போனை மட்டும் மாட்டிவிட்டால் பாட்டு கேட்பதற்குத்தான் உதவும்.

அடுத்த படத்தின் திட்டத்தை எழுத உட்காரும்போது, கேமரா வாடகை என்ற வரிக்கு மேலே 'ஒலிப்பதிவு', 'ஃபோகஸ்' என்று இரண்டு வரிகள் எழுதி, எதிரே இரண்டு பெயர்களைப் போடுங்கள். பெயர் கிடைக்காதவரை ஷூட்டிங் தேதி குறிக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவர்